எடை ஏறினால் மட்டும்

திஜானிக்கு உடம்பு தேறிவிட்டது. அவருடைய கஷ்டம் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது மாத்திரைப் பையோடு ஓர் எடை மெஷினும் ஒரு கைபேசியும் கொடுத்திருந்தார்கள். காலையில் எழுந்ததும், காபி குடிக்கும் முன், பித்தானை அமுக்கி மெஷின்மேல் ஏறி நிற்க வேண்டும். எண் தானாகக் கைபேசிக்குப் போகும். அங்கிருந்து கடலைத் தாண்டி, ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் ஒரு நர்ஸின் திரையில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதயம் சோர்ந்துபோனால் தண்ணீர் உடம்பிலேயே தங்கும், தங்கினால் எடை ஏறும். மூச்சு முட்டும்வரை காத்திராமல் எடையை வைத்தே முன்கூட்டிப் பிடித்துவிடலாம் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. கெர்க்கென்னா தீவிலிருந்து நகரத்துக்குக் கப்பலில் ஒன்றேகால் மணி நேரம். காற்று கிளம்பிவிட்டால் அந்தக் கப்பலும் கிடையாது.

மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் திரையில் அவர் பெயர் சிவப்பாகும். சிவப்பானால் நர்ஸ் கூப்பிடுவாள். ஏறாவிட்டால் பச்சை. பச்சைக்கு ஒரு மெஷின் குரல் மட்டும் வரும். “உங்கள் எடை பெறப்பட்டது. உங்கள் நிலை நன்றாக உள்ளது. நன்றி” என்று பள்ளிப் புத்தகத்தை வாசிப்பதுபோல் ஓர் ஆண் பேசிவிட்டு, மறுமொழி கேட்காமல் வைத்துவிடுவான்.

நான்கு மாதமாகத் திஜானி பச்சை. எழுபத்து நாலு புள்ளி இரண்டு, எழுபத்து நாலு புள்ளி ஒன்று, மறுபடி இரண்டு. கால் வீக்கம் வற்றிவிட்டது. ஒரே தலையணையில் தூங்கினார். காலை ஏழு மணிக்கு அந்த ஆண் குரல் நன்றி சொல்லி வைத்துவிட்டால், பிறகு அந்த வீட்டில் இரவு வரை மனிதக் குரல் கேட்காது.

இத்தனைக்கும் அவர் முப்பத்தோரு வருடம் கப்பல் துறையில் டிக்கெட் கிழித்த மனிதர். தீவில் அவரைத் தெரியாத ஆள் கிடையாது. எங்கள் ஊரில் ஒருவரை ஒருவர் பார்த்தால் “லாபாஸ்?” என்போம். தொந்தரவு ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். பதிலும் “லாபாஸ்”தான். கேள்வியும் பதிலும் ஒரே சொல்லாக இருப்பதால் யாரும் நின்று கேட்க வேண்டிய அவசியமில்லை. அந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு ஆயிரம் லாபாஸ் வாங்கி ஆயிரம் லாபாஸ் திருப்பிக் கொடுத்தவர் திஜானி. ஓய்வு பெற்றார், மனைவி முன்ஜியா போய்ச் சேர்ந்தாள். காபிக் கடையில் எந்நேரமும் சிகரெட் புகை, அந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் தெருவில் பாதி வீடுகள் வெளிநாட்டில் பிழைப்பவர்களுடையவை. ஆகஸ்டில் திறக்கும் ஜன்னல்கள் மற்ற பதினோரு மாதமும் சாத்தியே கிடக்கும்.

ஒரே மகள் ஃபாத்தென், ஜெர்மனியில் காஸெல் என்ற ஊரில் நர்ஸாக இருந்தாள். யாரையோ பெற்ற ஜெர்மன்காரக் கிழவர்களைப் புரட்டிப் படுக்கவைத்து, மருந்து கொடுத்து, வேளைக்கு வேளை கால் வீக்கம் பார்ப்பது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிடுவாள். “லாபாஸ், அப்பா?” என்பாள். “லாபாஸ்” என்பார். அந்தச் சொல்லுக்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

நெஸ்ரீனைத் தெரிந்ததும் இந்த லாபாஸால்தான். இந்தப் பச்சைக்கெல்லாம் முன், வீட்டுக்கு வந்த இரண்டாவது வாரம் நிஜமாகவே எடை ஏறி அவர் பெயர் சிவப்பானது. ஒன்பது மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நெஸ்ரீன் பேசுகிறேன் என்றாள். லாபாஸா என்று கேட்டாள். லாபாஸ் என்றார்.

“என்கிட்ட அந்த லாபாஸ் செல்லாது பெரியப்பா. செத்த பிறகும் நம்மாளுங்க லாபாஸ்தான் சொல்லுவாங்க. காலைப் பத்திச் சொல்லுங்க. செருப்பு நுழையுதா?”

திஜானி சிரித்துவிட்டார். முன்ஜியா போனபின் அவர் சிரித்தது அன்றுதான். எத்தனை தலையணை வைக்கிறீர்கள், படுத்தால் இருமுகிறதா, நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். பதிலைக் கேட்டுவிட்டு அதிலிருந்து இன்னொரு கேள்வி எடுத்தாள். நீர் மாத்திரையை நான்கு நாளைக்கு இரண்டாக்கச் சொன்னாள். மொத்தம் பதினோரு நிமிடம். பேசி முடித்ததும் கைபேசியைக் கீழே வைக்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

மாத்திரை வேலை செய்தது. எடை இறங்கியது. நெஸ்ரீன் நின்றுபோனாள்.

மாவு விஷயம் முதலில் தற்செயலாக நடந்ததுதான். ஒரு வியாழக்கிழமை காலை எடை பார்க்காமலே கடைக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும் நினைவு வந்து, பார்லி மாவுப் பையை இடுக்கியபடியே மெஷினில் ஏறிவிட்டார். எழுபத்து ஆறு புள்ளி மூன்று. ஐயோ என்று இறங்குவதற்குள் எண் கடலைத் தாண்டிவிட்டது. ஒன்பதே காலுக்கு நெஸ்ரீன் கூப்பிட்டாள். மாவைப் பற்றிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். “என்ன பெரியப்பா, ரொம்ப நாளாச்சு” என்றாள் அவள். மாவு வாயிலேயே நின்றுவிட்டது.

அதற்கடுத்த வியாழன் மாவு தற்செயலாக வரவில்லை.

ஆறு வியாழன் அப்படி ஓடியது. அவள் மாத்திரையைக் கூட்டச் சொல்வாள், இவர் சரி என்பார், கூட்டமாட்டார். அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. ஒன்பது மணிக்குச் சவரம் செய்து, நல்ல சட்டை போட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். சவரம் போனில் தெரியாது என்று அவருக்கும் தெரியும். முந்தின நாளே என்ன சொல்ல வேண்டும் என்று சேர்த்து வைப்பார். டிக்கெட் இல்லாமல் கப்பலேற ஆட்கள் செய்த தில்லுமுல்லுகளைச் சொல்வார். ஒருத்தன் ஆட்டுக்குட்டிக்கு மட்டும் டிக்கெட் எடுத்துவிட்டு, அதைக் கவனிக்கத்தான் கூட வருகிறேன், எனக்கெதற்கு டிக்கெட் என்று வாதாடினான் என்று சொன்னபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள். மகள் ஒரு நர்ஸ் என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. சொந்த மகள் நர்ஸாக இருக்க, ஊரான் மகளை வாரா வாரம் மாவு காட்டிக் கூப்பிடுகிறவனை என்னவென்று நினைப்பாள்?

ஏழாவது வியாழன் நெஸ்ரீன் தலையணையைப் பற்றிக் கேட்கவில்லை.

“பெரியப்பா, உடம்புத் தண்ணி நாள் பார்த்து வேலை செய்யாது. வியாழக்கிழமை கரெக்டா ரெண்டு கிலோ ஏறி வெள்ளிக்கிழமை கரெக்டா ரெண்டு கிலோ இறங்காது. கையில என்ன வச்சிக்கிட்டு ஏறுறீங்க?”

முப்பத்தோரு வருடம் மற்றவர்களைப் பிடித்தவர் பிடிபட்டார். பொய் சொல்லவும் வரவில்லை. மாவு என்றார்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. கத்தவில்லை. தன்னிடம் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இருப்பதையும், கூப்பிடுவதற்குத் தான் ஒருத்திதான் இருப்பதையும் சொன்னாள். சிவப்புகளை வந்த வரிசையில்தான் கூப்பிடுகிறாள். அவரோடு பேசும் பத்து நிமிடம் அடுத்த சிவப்பு காத்திருக்கிறது. அந்தச் சிவப்பின் கையில் மாவு இருக்காது. இனி வேண்டாம் பெரியப்பா என்றாள். அல்லாமேல் ஆணை, இனி இல்லை என்றார். சும்மாவே கூப்பிடுகிறேன், எடையெல்லாம் எதற்கு என்று அவள் சொல்வாள் என ஒரு நப்பாசை. அவள் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கு ஏது நேரம். வைத்த பிறகு திஜானி அந்த நல்ல சட்டையைக் கழற்றி மடித்து வைத்தார். அவமானத்தில் காது சுட்டது. அடுத்த வியாழன் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்ற நினைப்பு அதைவிடச் சுட்டது.

வாக்கைக் காப்பாற்றினார். ஐந்து வாரம் வெறுங்கையோடு ஏறி வெறுங்கையோடு இறங்கினார். மெஷின்காரன் ஐந்து வாரமும் நன்றி சொன்னான்.

பிறகு நோன்புப் பெருநாள் வந்தது. பெருநாளன்று இந்தக் கடற்கரையில் எந்த வீட்டிலும் ஷர்மூலாவும் உப்பு மீனும்தான். வெங்காயத்தையும் உலர்ந்த திராட்சையையும் அரை நாள் அடுப்பில் வைத்துக் கிண்டி எடுக்கும் இனிப்புக் குழம்பு அது. அதற்குத் தோதாக, உப்பில் வாரக்கணக்கில் ஊறிய மீன். நோன்பு பிடிக்காதவனும் அதைத் தின்னாமல் இருக்கமாட்டான். டாக்டர் கொடுத்த தாளில் முதல் வரியே உப்பு வேண்டாம் என்பதுதான். கீழே இரண்டு கோடு வேறு போட்டிருந்தது.

ஃபாத்தென் காலையில் படம் தெரிகிற மாதிரி கூப்பிட்டாள். அங்கே பெருநாளுக்கு லீவு கிடையாது. ஏதோ நடைபாதையில் நின்றபடி இரண்டு நிமிடம் பேசினாள். பின்னால் யாரோ மணியடிக்க, ஓடிவிட்டாள். பக்கத்து வீட்டு மப்ரூக்கா ஒரு பெரிய கிண்ணம் நிறைய ஷர்மூலாவும் தட்டு நிறைய மீனும் கொண்டுவந்து கொடுத்தாள். பிரான்ஸிலிருந்து வருவதாகச் சொன்ன தன் பிள்ளைகள் வரவில்லை, நாலு பேருக்கு ஆக்கியதை யார் தின்பது என்றாள். அன்று மாலைக் கப்பலிலேயே அவளும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். திஜானி முதலில் ஒரு வாய்தான் என்று ஆரம்பித்தார். தனியாகச் சாப்பிடுகிறவனுக்குப் போதும் என்று சொல்ல ஆள் கிடையாது. மூன்று நாளில் கிண்ணம் காலி.

நான்காம் நாள் காலை ரப்பர் செருப்பு காலில் நுழையவில்லை. மெஷினின் பித்தானை அமுக்காமல், எண் எங்கும் போகாதபடி, சும்மா ஏறிப் பார்த்தார். எழுபத்து ஏழு புள்ளி ஒன்று. பயந்துபோனார். அந்தப் பயத்துக்கு நடுவிலேயே ஒரு சின்ன சந்தோஷம் எட்டிப் பார்த்ததையும் மறைப்பதற்கில்லை. நெஸ்ரீன் கூப்பிடுவாள்.

மறு நிமிடமே அந்தச் சந்தோஷம் செத்துவிட்டது. கூப்பிடுவாள், என்ன நினைத்துக்கொண்டு கூப்பிடுவாள்? கிழவன் ஆணையிட்டு இரண்டு மாதம் ஆகவில்லை, மறுபடி மாவைத் தூக்கிவிட்டான் என்றுதானே? இல்லையம்மா இது நிஜம் என்று கெஞ்ச வேண்டும். பொய்க்காரன் என்று ஒருமுறை பெயர் வாங்கியாகிவிட்டது. இரண்டாம் முறை அந்தக் குரலிடமிருந்து அதை வாங்க அவர் தயாராக இல்லை. இரண்டு நாள் உப்பை விட்டால் தானே வடிந்துவிடும் என்று தனக்குத் தானே டாக்டரானார்.

மெஷினை அலமாரிக்குப் பக்கத்தில் நகர்த்தினார். பித்தானை அமுக்கி, ஏறி நின்று, இடது கையை அலமாரிமேல் ஊன்றினார். ஊன்ற ஊன்ற எண் இறங்கியது. எழுபத்து நாலு புள்ளி மூன்று வந்ததும் அப்படியே அசையாமல் நின்றார். மறுநாள் புள்ளி ஒன்று. அடுத்த நாள் புள்ளி நாலு. ஒரே எண்ணாக அனுப்பினால் சந்தேகம் வரும் என்பது டிக்கெட் கிழித்தவருக்குத் தெரியாதா? முன்பு மாவைத் தூக்கிக்கொண்டு ஏறிய ஆள், இப்போது தன் உடம்பையே அலமாரிமேல் இறக்கி வைத்துவிட்டு ஏறினார். உங்கள் நிலை நன்றாக உள்ளது என்றான் மெஷின்காரன்.

உப்பு வடியவில்லை. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணை இரண்டாகி, மூன்றாகி, பிறகு நாற்காலியிலேயே தூங்கினார். அலமாரியில் ஊன்றும் கை நாளுக்கு நாள் பலமாக அழுத்த வேண்டியிருந்தது. மப்ரூக்கா இன்னும் திரும்பவில்லை. ஞாயிறன்று ஃபாத்தெனிடம் லாபாஸ் என்று சொல்லி முடிப்பதற்குள்ளேயே இருமல் வந்து, தூசி என்றார்.

அலமாரிமேல் கை ஊன்றத் தொடங்கிய ஐந்தாவது நாள் காலை, மெஷின்காரன் வைத்துச் சரியாக இரண்டு மணி நேரத்தில் கைபேசி அடித்தது.

“பெரியப்பா, பெருநாளைக்கு ஷர்மூலா சாப்பிட்டீங்களா?”

வணக்கம் இல்லை, லாபாஸ் இல்லை. திஜானி மூச்சை எட்டிப் பிடித்து, “சாப்பிடாம... யாரு இருப்பா?” என்றார்.

“அதான் நானும் கேக்குறேன். பெருநாள் முடிஞ்சா என் திரை முழுக்கச் சிவப்பு. இந்தக் கரையில யாரும் டாக்டர் பேச்சைக் கேக்குறதில்லை. ஒரு வாரமா ஒவ்வொருத்தரா கூப்பிட்டுத் திட்டி முடிச்சேன். முடிச்சிட்டு மிச்சம் பச்சை யாருன்னு பார்த்தா, எல்லாருக்கும் அரைக் கிலோவாவது ஏறியிருக்கு. உங்களுக்கு மட்டும் கால் கிலோகூட ஏறலை. சாப்பிட்டது எங்க போச்சு?”

அவர் பேசவில்லை. பேசினால் மூச்சு காட்டிக்கொடுத்துவிடும். பேசாததும் காட்டிக்கொடுத்தது.

“போனைக் கீழ வைக்காதீங்க. மெஷினை நடு ரூமுக்கு இழுங்க. ரெண்டு கையையும் தொங்கவிட்டு ஏறுங்க. நான் இங்க பார்த்துக்கிட்டு இருக்கேன்.”

இழுத்தார். அதற்கே இரண்டு முறை நிற்க வேண்டியிருந்தது. ஏறினார். எண்பது புள்ளி ஆறு. அந்தப் பக்கம் அவள் மூச்சை இழுப்பது கேட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் வேறு யாரிடமோ, வேறு போனில், தீவின் பெயரையும் அவர் பெயரையும் வேகமாகச் சொன்னாள். பிறகு இவரிடம் வந்து, சாய்ந்து உட்காருங்கள், காலைத் தொங்கவிடுங்கள், ஜன்னலைத் திறங்கள், நீர் மாத்திரை இரண்டு இப்போதே போடுங்கள் என்றாள். தீவு ஆஸ்பத்திரி வண்டி ஒரு நோயாளியைக் கப்பலில் ஏற்றப் போயிருக்கிறது, அங்கிருந்து வர அரை மணிக்கு மேல் ஆகும்.

“பக்கத்துல யாரையாவது வந்து உட்காரச் சொல்றேன். யார் நம்பர் இருக்கு?”

தீவு முழுக்கத் தெரிந்த மனிதர் யோசித்தார். ஒவ்வொரு முகமாக வந்தது. எல்லா முகமும் கப்பல் படியில் நின்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடந்து போன முகம். “யாரும்... இல்லைம்மா,” என்றார். பிறகு, “நீ வை. வேற சிவப்பு... காத்திருக்கும்.”

“இன்னைக்கு நீங்கதான் அந்தச் சிவப்பு,” என்றாள் நெஸ்ரீன். “வண்டி வர்ற வரைக்கும் நான் வைக்கக் கூடாது, அது எங்க ரூல். பேசாதீங்க, மூச்சு வீணாகும். ஆமான்னா விரலால போனை ஒரு தட்டு. இல்லைன்னா ரெண்டு. புரிஞ்சுதா?”

ஒரு தட்டு.

எத்தனை மாதமாக இதற்குத்தான் ஆசைப்பட்டார். அவசரமில்லாமல், கைபேசியின் அந்த முனையில் அவள். இப்போது அது கிடைத்தபோது ஒரு வாக்கியம் சொல்லத் தெம்பு இல்லை. சேர்த்து வைத்ததெல்லாம் நெஞ்சுக்குள் தண்ணீரோடு தண்ணீராகக் கிடந்தது.

அதனால் அவளே பேசினாள். அவர் தூங்கிவிடக் கூடாதே என்று, வாய்க்கு வந்ததை எல்லாம் பேசினாள். தன் மேஜையில் காபி ஆறிப்போனதைச் சொன்னாள். அந்த அறையில் ஜன்னல் கிடையாது, வெளியே மழையா வெயிலா என்பதே நோயாளிகள் சொல்லித்தான் தெரியும் என்றாள். அங்கே வெயிலா என்று கேட்டாள். ஒரு தட்டு. நெஞ்சு வலிக்கிறதா என்று கேட்டாள். இரண்டு தட்டு.  பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி நான் ஜெர்மனி போறேன் பெரியப்பா. பரீட்சை பாஸ் பண்ணிட்டேன், விசா வந்துடுச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லலை. உங்ககிட்டதான் முதல்ல சொல்றேன், நீங்க பதில் பேச முடியாதுன்னு தைரியம்.”

திஜானிக்குப் பதில் இருந்தது. அங்கே என் மகள் இருக்கிறாள், அவளும் உன்னைப்போலத்தான், அவள் நம்பரை எழுதிக்கொள்; அம்மாவிடம் சொல்லாமல் போகாதே; போனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டு வெறும் லாபாஸ் கேட்டுவிட்டு வைத்துவிடாதே. இத்தனையும் சொல்லப் பார்த்தார். “காஸெல்” என்ற ஒரு சொல்தான் வெளியே வந்தது. அவளுக்குப் புரியவில்லை. பேசாதீர்கள் என்று மறுபடி அதட்டினாள்.

“என் இடத்துக்கு வேற ஒருத்தி வருவா. சின்னப் பொண்ணு, நல்லவ. அவகிட்ட கையை ஊன்றாதீங்க. மாவும் வேண்டாம். இருக்கிற எடையைக் காட்டுங்க. சரியா?”

இந்த முறை விரல் உடனே எழவில்லை. பிறகு ஒரு தட்டு.

“பயமா இருக்கா?”

அவரிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. மகள் கேட்டதில்லை; முன்ஜியா செத்த அன்றும் யாரும் கேட்கவில்லை. ஒரு தட்டு. போதாது என்று தோன்றி, இன்னொரு முறை அழுத்தமாகத் தட்டப் போனார். இரண்டு தட்டினால் இல்லை என்றாகிவிடுமே என்று விரலை நிறுத்திக்கொண்டார்.

“எனக்கும்தான்,” என்றாள் நெஸ்ரீன்.

அதற்குப் பிறகு வண்டி வரும்வரை அவள் தட்டச்சு செய்வதும், எங்கோ இன்னொரு போன் அடித்து அடித்து ஓய்வதும் கேட்டுக்கொண்டிருந்தன.

வண்டிக்காரர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவன் ஆக்ஸிஜன் முகமூடியை மாட்டினான். மற்றவன், கப்பல் துறையில் எப்போதோ பார்த்த முகம், திஜானியின் விரல்களுக்குள் இறுகிக் கிடந்த கைபேசியைப் பார்த்தான். திரையில் நாற்பத்தோரு நிமிடம் என்று ஓடிக்கொண்டிருந்தது.

“லைன்ல யாரு, மகளா?” என்று கேட்டான்.

முகமூடிக்குள்ளிருந்து திஜானி ஆமாம் என்று தலையாட்டினார்.

அவன் கைபேசியை மெல்ல வாங்கிக் காதில் வைத்து, “அப்பாவை ஏத்திட்டோம்மா, பயப்படாதீங்க, இனி நாங்க பார்த்துக்கிறோம்,” என்றான்.



“சரி,” என்றாள் நெஸ்ரீன். “அப்பாவைப் பத்திரமா கூட்டிட்டுப் போங்க.” அடுத்த ஆள் காத்திருந்ததால் வைத்துவிட்டாள்.